பாரமும் முதுகும்

தமிழகத்தின் தென்பகுதி ஊர்கள் சிலவற்றில், கோயில் முன்றிலிலோ ஊர்ப் பொதுவிடத்திலோ உருண்டையான பெருங்கல் ஒன்று கிடப்பதை இன்றும் காணலாம். அதனை இளவட்டக்கல் என்பர். வழுவழுப்பான அக்கல்லில் கைக்குப் பிடி எதுவும் இராது. பொங்கல் நாளில் இளைஞர்கள் கூடி, அதனைத் தூக்கித் தோளின்மேல் ஏற்றிப் பின்புறமாக எறிவர். அக்கல்லைத் தூக்கியவனுக்கே பெண் கொடுப்பது பண்டை வழக்கம் என்று சொல்லப்படுவதால், கல்யாணக்கல் என்ற பெயரும் அதற்கு உண்டு.

தூக்கத் தெரிந்தவன் அக்கல்லைத் தூக்கும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. அவன் நின்றபடியே குனிந்து, கைகளை நீட்டிக் கல்லை இழுப்பதில்லை. கல்லுக்கு மிக அருகில் சென்று, கால்களை அகற்றிக் குந்துகிறான். இரு கைகளாலும் அதனைக் கட்டி அணைக்கிறான். முதலில் தொடையின்மேல் ஏற்றுகிறான். அங்கே சற்று நிறுத்தி மூச்சை நிரப்பிக்கொள்கிறான். பிறகு மார்போடு அணைத்தவாறே எழுகிறான். இறுதியாகத் தோளுக்குக் கொண்டு செல்கிறான். தோளை அடையும் வரையில் கல் அவன் உடலை விட்டு ஒரு கணமும் விலகுவதில்லை. இம்முறையை அவன் எந்த நூலிலும் படிக்கவில்லை. மூத்தவர் தூக்கக் கண்டும், சிறிய கல்லில் தொடங்கிப் பெரிய கல்லுக்கு வந்தும் கற்றுக்கொண்டான்.

இன்று பல ஊர்களில் அக்கல் பாதி மண்ணில் புதைந்து கிடக்கிறது. நகரங்களில் அதன் இடத்தை இரும்பு பிடித்துக்கொண்டது. கல்லூரிகளிலும் பல்கலைக்கழக விடுதிகளிலும் உடற்பயிற்சிக் கூடங்கள் உள்ளன. நீண்ட கம்பியின் இருபுறமும் இரும்புத் தட்டுகளைப் பூட்டித் தூக்கும் பயிற்சியை மாணவர்களும் மாணவியர்களும் விரும்பி மேற்கொள்கின்றனர். பல்கலைக்கழகங்களுக்கிடையே பளுதூக்கும் போட்டிகளும் நடைபெறுகின்றன. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், பள்ளியை விட்டு வந்து பதினெட்டாம் வயதில் முதன்முறையாக இரும்பைத் தொடும் மாணவனுக்குப் பக்கத்தில் நின்று சொல்லித்தரும் மூத்தவர் பெரும்பாலும் இல்லை. கைப்பேசியில் கண்ட காட்சியே அவனுக்கு ஆசான்; அருகில் தூக்கும் நண்பனே அவனுக்கு அளவுகோல்.

அத்தகைய மாணவன் ஒரு நாள் கம்பியைத் தரையிலிருந்து எடுக்கும்போது இடுப்பில் சுரீரென்று ஒரு வலி எழுகிறது. நிமிர முடியவில்லை. மறுநாட் காலையில் காலணியின் கயிற்றைக் கட்டவும் இயலவில்லை. வீட்டார், இனி இரும்பைத் தொடவே கூடாது, வலி தீரும் வரையில் பாயை விட்டு எழக் கூடாது என்கின்றனர். பயிற்சிக் கூடத்து நண்பர்களோ, வலியைப் பொருட்படுத்தாமல் தூக்குபவனே வீரன் என்கின்றனர். முன்னதைக் கேட்டவன் வாழ்நாள் முழுதும் தன் முதுகைக் கண்ணாடிப் பாத்திரம் எனக் கருதி அஞ்சி வாழக்கூடும். பின்னதைக் கேட்டவன் எளிதில் ஆறக்கூடிய சிறு கேட்டைப் பெருங்கேடாக வளர்த்துக்கொள்ளக்கூடும். இரண்டும் அன்பினாலும் ஆர்வத்தாலும் கூறப்படும் அறிவுரைகளே, இரண்டுமே பிழையானவை. ஏன் பிழை என்பதை உணர முதுகின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

மனிதனின் முதுகெலும்பு ஒரே எலும்பன்று. முப்பத்துமூன்று முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட தொடர் அது. அவற்றுள் கழுத்துக்கு 7, மார்புக்கு 12, இடுப்புக்கு 5 என வகுப்பர். அதற்குக் கீழுள்ள 5 எலும்புகள் ஒன்றாய்ச் சேர்ந்து இடுப்புக் கூட்டின் பின்சுவராகவும், இறுதியிலுள்ள சிற்றெலும்புகள் வாலெலும்பாகவும் அமைகின்றன. இடுப்பு முள்ளெலும்புகள் ஐந்தும் ஏனையவற்றைக் காட்டிலும் பருத்தவை. உடலின் மேற்பாதி முழுவதையும் தாங்குவன அவையே ஆதலின், அவ்வாறு அமைந்தது பொருத்தமே.

முள்ளெலும்புகளுள் பெரும்பாலானவற்றிற்கு இடையில் ஒரு தட்டு உண்டு. இத்தகைய தட்டுகள் மொத்தம் 23. தட்டின் வெளிப்புறம் உறுதியான நார்கள் பல சுற்றாகப் பின்னப்பட்ட வளையம். உட்புறம் நீர் நிறைந்த களி போன்ற பொருள். வண்டிச் சக்கரத்தின் உறைக்குள் காற்று அடைபட்டிருப்பது போலக் களி வளையத்துக்குள் அடைபட்டு, மேலிருந்து வரும் பாரத்தை எல்லாப் பக்கமும் பகிர்ந்தளிக்கிறது. வளர்ந்தவர் உடலில் இத்தட்டுக்குள் இரத்தக் குழாய்கள் செல்வதில்லை. அதற்கு வேண்டிய உணவுச்சத்து மேலும் கீழுமுள்ள எலும்புகளிலிருந்து மெல்லக் கசிந்தே வந்து சேர வேண்டும். பகலில் நின்றும் நடந்தும் சுமந்தும் இருக்கும்போது தட்டிலுள்ள நீர் சிறிது வெளியேறும். இரவில் படுத்திருக்கும்போது மீண்டும் ஊறும். இதனால் காலையில் அளந்த உயரத்தைவிட மாலையில் மனிதன் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைந்திருப்பான். நம்புதற்கரியதாயினும் எவரும் ஓர் அளவுகோல் கொண்டு தம் வீட்டிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

மக்கள் வழக்கில் 'ஜவ்வு விலகிவிட்டது' என்று கூறுவது இத்தட்டைக் குறித்தே. உண்மையில் தட்டு இடம் விட்டு நழுவுவதில்லை. மேலும் கீழுமுள்ள எலும்புகளோடு அது இறுகப் பிணைந்துள்ளது. புறவளையம் கிழிந்து உள்ளிருக்கும் களி பிதுங்குவதையே அவ்வாறு கூறுகின்றனர். பிதுங்கிய களி பக்கத்திலுள்ள நரம்பைத் தாக்கும்போது, வலி இடுப்போடு நில்லாமல் முழங்காலுக்குக் கீழும் பரவும். இவ்வுண்மையை அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்களான மிக்ஸ்டர், பார் என்னும் இருவரும் 1934ஆம் ஆண்டில் விளக்கி எழுதினர். அது பெரிய கண்டுபிடிப்பே. ஆயினும் அதற்குப் பின் எழுந்த ஒரு மயக்கமும் உண்டு. இடுப்பில் தோன்றும் வலி ஒவ்வொன்றிற்கும் தட்டே காரணம் என்று மக்கள் எண்ணத் தொடங்கினர். அவ்வெண்ணம் இன்றும் நீங்கவில்லை.

இனி, பாரம் தூக்கும்போது நிகழ்வதைக் காண்போம். பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பொரெல்லி என்னும் கணித அறிஞர், மனித உடலின் இயக்கங்களை நெம்புகோல் விதியைக் கொண்டு ஆராய்ந்தார். அவர் இறந்தபின் 1680ஆம் ஆண்டு முதல் வெளிவந்த அவருடைய நூல் ஒரு வியப்பான உண்மையை உணர்த்திற்று. சுமை தூக்குபவனின் தசைகள், அச்சுமையின் எடையைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதியான விசையைச் செலுத்த வேண்டியிருக்கின்றது என்பதே அது.

காரணம் எளிது. குனிந்து பாரத்தை எடுப்பவனின் முதுகெலும்பை நெம்புகோலின் தாங்குமிடமாகக் கொள்ளலாம். முதுகை நிமிர்த்தும் தசைகள் அத்தாங்குமிடத்திற்கு மிக அருகில், ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவில், அமைந்துள்ளன. கையிலுள்ள பாரமோ வெகு தொலைவில் முன்புறம் தொங்குகிறது. 20 கிலோகிராம் எடையுள்ள பாரம் முதுகெலும்பிலிருந்து 50 சென்டிமீட்டர் முன்னே இருப்பதாகக் கொள்க. 20ஐ 50ஆல் பெருக்கினால் 1,000. அதனைச் சமன் செய்ய, 5 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள தசை 200 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையோடு இழுத்தாக வேண்டும். அதே பாரத்தை உடலோடு நெருக்கி 25 சென்டிமீட்டர் தொலைவுக்குக் கொண்டுவந்தால் 100 கிலோகிராம் போதும். பாரம் குறையவில்லை, தொலைவு குறைந்தது, முதுகின் உழைப்புப் பாதியாயிற்று. மேலும், குனியும்போது கைப்பாரத்தோடு தலை, தோள், மார்பு ஆகிய உடலின் மேற்பாதியும் முன்னே தொங்குகிறது. வெறுங்கையோடு குனிந்து ஒரு தாளைப் பொறுக்கும்போதும் முதுகுத் தசைகள் அம்மேற்பாதியைத் தாங்கியே தீர வேண்டும். காகிதத் துண்டைப் பொறுக்கக் குனிந்தவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று கேட்டு நகைப்பவர், இக்கணக்கை அறிந்தால் நகையார்.

இளவட்டக்கல்லைக் கட்டி அணைத்துத் தூக்கிய இளைஞன் இக்கணக்கைப் போட்டவனல்லன். ஆனால் அவன் செய்தது இதுவே.

கணக்கிட்டு அறிந்ததை நேரில் அளந்து காண அறிஞர் முயன்றனர். சுவீடன் நாட்டு மருத்துவர் நாச்செம்சன் என்பவர் 1960களில், உயிருள்ள மனிதரின் தட்டினுள் நுண்ணிய ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்து புகழ்பெற்றார். 1999ஆம் ஆண்டில் ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் அதனினும் விரிவான ஆய்வொன்றை வெளியிட்டனர். 45 வயதும் 70 கிலோகிராம் எடையும் உடைய ஒருவர் தம் இடுப்புத் தட்டினுள் அளவுக் கருவியைத் தாங்க முன்வந்தார். ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் அவர் நின்றார், அமர்ந்தார், சிரித்தார், படியேறினார், உறங்கினார். கருவி அளந்துகொண்டே இருந்தது. படுத்திருக்கும்போது தட்டின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் 1 மடங்கு. நிற்கும்போது 5 மடங்கு. 20 கிலோகிராம் பாரத்தை முதுகை வளைத்துக் குனிந்து தூக்கியபோது அது 23 மடங்காயிற்று. முழங்காலை மடக்கித் தூக்கியபோது 17 மடங்காகக் குறைந்தது. அப்பாரத்தை உடலோடு ஒட்டிப் பிடித்து நின்றபோது 11 மடங்கே. இவை ஒரே ஒருவரின் உடலில் அளந்தவை என்பதை மறத்தலாகாது. எனினும் பாரத்தின் எடையைப் போலவே அது இருக்கும் இடமும் தூக்கும் முறையும் முதுகின் சுமையை முடிவு செய்கின்றன என்பது இதனால் தெளிவாகிறது.

அவ்வாய்வு கூறிய மற்றொரு செய்தி, விடியற்காலையில் பயிற்சிக் கூடத்திற்கு விரையும் விடுதி மாணவர்கள் அறியத்தக்கது. அம்மனிதர் ஏழு மணிநேரம் உறங்கியபோது அவர் தட்டின் அழுத்தம் 1 மடங்கிலிருந்து 2.4 மடங்காக மெல்ல உயர்ந்தது. இரவில் நீர் ஊறியதே அதற்குக் காரணம். உறங்கி எழுந்தவுடன் தட்டு நீர் நிறைந்து விறைத்திருக்கும்; அப்போது குனிந்தால் புறவளைய நார்கள் மற்ற நேரத்தைவிட மிகுதியாக இழுபடும். எழுந்த கால்மணியில் கட்டிலிலிருந்து நேரே கம்பிக்குச் செல்பவன், நாளின் தகாத நேரத்தைத் தேர்ந்துகொள்கிறான். ஒரு மணிநேரமேனும் நடமாடிய பின்னர்ப் பாரத்தைத் தொடுவது நன்று.

முதுகெலும்புக்குப் பின்னே தசைகள் உள்ளன. முன்னே உள்ளது வயிறு. வயிற்றுக்குத் தாங்கும் ஆற்றல் ஏது என்று கேட்கலாம். மூச்சை நிரப்பி, வயிற்றுத் தசைகளை இறுக்கும்போது, வயிற்றறை காற்று நிறைந்த பந்து போல விறைத்து முதுகெலும்புக்கு முன்புறத்தில் அணை கொடுக்கிறது. பாரம் தூக்குவோர் கணநேரம் மூச்சடக்குவது இதனாலேயே. இத்தாலிய மருத்துவர் வால்சால்வாவின் பெயரால் இன்று வழங்கும் அம்முறையை, அவர் காதைப் பற்றிய நூலில் விளக்கினார் என்பது வேடிக்கையானதொரு செய்தி. இரத்த அழுத்தம் மிகுந்தோர்க்கு இம்மூச்சடக்கம் ஆகாது. சிலர் அகன்ற தோல் இடுப்புவாரைக் கட்டிக்கொண்டவுடன் முதுகு காப்புப் பெற்றுவிட்டதாக எண்ணி, பழகாத பாரத்தைத் தூக்கத் துணிகின்றனர். வார், வயிறு அழுந்துவதற்கு ஒரு சுவராக உதவுமேயன்றித் தசையின் வேலையைத் தான் செய்யாது.

குனிவதில் மட்டுமன்றிப் பின்புறம் வளைவதிலும் தீங்குண்டு. ஒலிம்பிக் பளுதூக்கும் போட்டியில் முன்னாளில் மூன்று முறைகள் இருந்தன. அவற்றுள் 'பிரஸ்' என்பது, தோளில் ஏந்திய பாரத்தைக் கால்களை மடக்காமல் கைவலிமையால் மட்டுமே தலைக்குமேல் உயர்த்துவது. நாளடைவில் வீரர்கள் இடுப்பைப் பின்னோக்கி மிகுதியாக வளைத்துப் பாரத்தை மேலே செலுத்தத் தொடங்கினர். எவ்வளவு வளைவது முறை, எவ்வளவு வளைவது பிழை என்று நடுவர்களால் ஒத்த தீர்ப்புக் கூற இயலவில்லை. முதுகுக்கு நேரும் தீங்கும் பேசப்பட்டது. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கிற்குப் பின் அம்முறை போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. அன்று முதல் 'ஸ்னாட்ச்', 'கிளீன் அண்டு ஜெர்க்' என்னும் இரு முறைகளே நிலைத்துள்ளன.

இவ்வளவும் படித்தவர், முதுகுக்குப் பாரமே பகை என்று முடிவு செய்தல் கூடும். அது தவறு. எலும்பும் தசையும் நாரும் கல்லாலும் மரத்தாலும் ஆனவை அல்ல, அவை உயிருள்ளவை. தம்மீது ஏறும் பாரத்திற்கேற்பத் தம்மை வலுப்படுத்திக்கொள்வன. இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோ நகரிலிருந்த இராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய டிலார்ம் என்னும் மருத்துவர் இதனைக் கொண்டு ஒரு மருத்துவ முறையையே வகுத்தார். முழங்காலிலும் பிற உறுப்புகளிலும் காயமுற்று நலிந்த போர்வீரர்களுக்கு அந்நாள் வரையில் மிக மெல்லிய பயிற்சிகளே அளிக்கப்பட்டன. டிலார்மோ, அவர்கள் தாங்கக்கூடிய அளவு பாரத்தைக் கொடுத்து, வலிமை ஏற ஏறப் பாரத்தையும் ஏற்றினார். அவர் இம்முறையை 1945ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1948ஆம் ஆண்டில் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து அதனை எளிமையாக்கினார். ஒருவன் பத்து முறை தூக்கக்கூடிய பெரும்பாரம் எதுவெனக் கண்டு, முதலில் அதில் பாதியைப் பத்து முறையும், பின்பு முக்காலைப் பத்து முறையும், இறுதியில் முழுப் பாரத்தைப் பத்து முறையும் தூக்க வேண்டும் என்பதே அம்முறை. உலகெங்கும் உள்ள பயிற்சிக் கூடங்களில் இன்று நடைபெறும் பயிற்சிகள் பலவற்றுக்கு இதுவே வேர்.

இங்கே மாணவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. தசை சில வாரங்களில் வலுப்பெறுகிறது. எலும்பும் நாரும் மெதுவாகவே வலுப்பெறுகின்றன. கையும் தொடையும் 'முடியும்' என்று கூறும் பாரத்தை முதுகின் நார்கள் இன்னும் ஏற்கப் பழகாதிருக்கலாம். இதனினும் பெரிய தவறு தேர்வுக்குப் பின் நிகழ்வது. தேர்வு நெருங்கியதும் மாணவன் பயிற்சியை நிறுத்துகிறான். ஐந்தாறு வாரங்கள் நாற்காலியில் குனிந்தே கழிகின்றன. தேர்வு முடிந்த மகிழ்ச்சியில் பயிற்சிக் கூடத்திற்கு ஓடி, தான் விட்டுச் சென்ற அதே தட்டுகளைக் கம்பியில் பூட்டுகிறான். இரும்பின் எடை மாறவில்லை. உடல் மாறிவிட்டது என்பதை அவன் எண்ணுவதில்லை. பாதியில் தொடங்கிச் சில வாரங்களில் பழைய அளவை அடைபவன் இழப்பது ஒன்றுமில்லை, நண்பர் முன்னிலையில் சிறிது பெருமையைத் தவிர.

இவ்வாறெல்லாம் கவனித்தும் வலி வந்துவிட்டால் என் செய்வது? முதலில் அச்சத்தைக் களைதல் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடி மக்கள் கீழ்முதுகு வலியால் வருந்தினர். அவருள் மிகப் பலர் இரும்புக் கம்பியைக் கண்ணாலும் காணாதவர். இவ்வலியில் நூற்றுக்குத் தொண்ணூறு, எலும்பு முறிவு, கட்டி, தொற்று போன்ற குறிப்பிட்ட காரணம் எதையும் சுட்ட இயலாத வலியே. அதன் பெரும்பகுதி சில வாரங்களில் தானே தணியும். உடனே படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பலர் துடிப்பர். 2015ஆம் ஆண்டில் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, முதுகுவலியே இல்லாதவர்களை எடுத்த படங்களை ஆராய்ந்தது. இருபது வயதினருள்ளும் நூற்றுக்கு 37 பேரின் படத்தில் தட்டுத் தேய்வு காணப்பட்டது. வலியே இல்லாதவரிடத்தும் காணப்படுவதை வலிக்குக் காரணம் என்று எவ்வாறு துணிந்து கூறுவது? படத்தைக் கண்டு மனமுடைந்து, இருபது வயதில் தன்னை நோயாளி என்று எண்ணிக்கொண்டவனுக்கு அப்படம் நன்மை செய்ததாகாது.

படுத்துக் கிடத்தலைப் பற்றியும் ஆய்வு உண்டு. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரத்து ஊழியருள், புதிதாக இடுப்பு வலி கண்ட 186 பேரை மருத்துவர்கள் மூன்று குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவினர் இரண்டு நாள் படுக்கையில் ஓய்வு கொண்டனர். ஒரு குழுவினர் முதுகுக்கெனத் தனிப் பயிற்சி செய்தனர். மற்றொரு குழுவினர் வலி இடங்கொடுத்த அளவில் அன்றாட வேலைகளைச் செய்துவந்தனர். 1995ஆம் ஆண்டில் வெளியான முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. மூன்றாம் குழுவினரே நன்கு தேறினர். படுக்கையில் இருந்தவர்கள் தேறுவதே மிகவும் தாமதமாயிற்று. தட்டுக்கு உணவு கசிந்து வருவதற்கும், தசை நலியாதிருப்பதற்கும் அசைவு வேண்டும் என்பதை எண்ணினால் இதில் வியப்பில்லை. எனவே வலி வந்த மாணவன் நடக்கலாம், வகுப்புக்குச் செல்லலாம், வெகுநேரம் ஒரே இருப்பாக இராமல் எழுந்து உலவலாம். கனத்த பாரத்தைச் சில நாள் விலக்கி, வலி தணிந்ததும் வெறுங்கம்பியில் தொடங்கலாம்.

ஆனால் சில குறிகள் தோன்றின் பொறுத்திருத்தல் கூடாது. கால் மரத்துப் போதல், பாதத்தைத் தூக்க இயலாமை, இரு தொடைகளுக்கு இடையில் உணர்ச்சி மறைதல், சிறுநீர் கழிப்பதிலோ மலம் கழிப்பதிலோ தடை அல்லது கட்டுப்பாடின்மை, காய்ச்சலோடு கூடிய வலி, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை அத்தகையன. சிறுநீர்த் தடையும் தொடையிடை மரத்தலும் உண்டாயின், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஓர் இரவு காத்திருத்தலும் நிலையான ஊனத்தில் முடியலாம்.

இளைஞர்க்கே உரிய மற்றொரு கேடும் உண்டு. முள்ளெலும்பின் பின்புறத்தில் மெல்லிய பாலம் போன்றதொரு பகுதி இருக்கிறது. ஒரு கம்பியை மடக்கியும் நிமிர்த்தியும் கொண்டே இருந்தால் அது ஒடிவது போல, முதுகை அடிக்கடி பின்னோக்கி வளைக்கும் இளம் விளையாட்டு வீரர்களுக்கு அப்பாலத்தில் நுண்ணிய பிளவு உண்டாகக்கூடும். பளு தூக்குவோர், உடல்வித்தை பயில்வோர், கிரிக்கெட்டில் விரைவாகப் பந்து வீசுவோர் ஆகியோரிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. பின்னோக்கி வளையும்போது மிகுந்து, வாரக்கணக்கில் தொடரும் வலி இதன் அடையாளம். உரிய காலத்தில் கண்டறிந்து சில மாதங்கள் விளையாட்டை நிறுத்தி வைத்தால் பெரும்பாலும் தணியும். வீரம் என்று எண்ணி மறைத்தவனுக்கு அது தணிவதில்லை.

முதுகுவலியோடு போராடிய பளுதூக்கும் வீராங்கனை ஒருவரின் வரலாறு இந்நாட்டிலேயே உண்டு. மணிப்பூர் மாநிலத்தின் நோங்போக் கக்சிங் என்னும் சிற்றூரில் 1994ஆம் ஆண்டில் பிறந்தவர் மீராபாய் சானு. சிறுமியாயிருந்தபோது, தமையனால் தூக்க இயலாத விறகுக் கட்டை அவர் சுமந்து வந்தார் என்பர். 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அனஹைம் நகரில் உலகப் பட்டம் வென்றார். 2018 ஏப்ரலில் காமன்வெல்த் போட்டியில் மொத்தம் 196 கிலோகிராம் தூக்கிப் பொற்பதக்கம் பெற்றார். அதன்பின் சின்னாட்களில் கீழ்முதுகில் வலி தோன்றிற்று. காரணம் எளிதில் புலப்படவில்லை. இருபத்துநான்காம் வயதில், புகழின் உச்சியில் நின்றவர், அவ்வாண்டு ஜக்கார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுகளையும் அதன்பின் வந்த உலகப் போட்டியையும் விட்டு விலக நேர்ந்தது. போட்டியை விடுவது எந்த வீரருக்கும் எளிதன்று. நாடே பதக்கத்தை எதிர்நோக்கி நிற்கும்போது விடுவது அதனினும் அரிது.

அவர் வலியை மறைத்துக்கொண்டு மேடை ஏறவில்லை. இரும்பைத் துறக்கவும் இல்லை. மருத்துவமும் பயிற்சியுமாகப் பல திங்கள் கழித்து, 2019 பிப்ரவரியில் தாய்லாந்தில் மீண்டும் மேடையேறினார். அன்று அவர் தூக்கியது 192 கிலோகிராம்; முன்னதைவிட 4 குறைவு. அவ்வாண்டின் உலகப் போட்டியில் 201 தூக்கி நான்காமிடம் பெற்றார். 2020ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா சென்று, உடலியக்க வல்லுநர் ஒருவரிடம் தம் தசைகளின் சமமின்மையைத் திருத்திக்கொண்டார். 2021 ஜூலை 24ஆம் நாள் டோக்கியோ ஒலிம்பிக்கில், 49 கிலோகிராம் எடைப்பிரிவில், ஸ்னாட்ச் முறையில் 87 கிலோகிராமும், கிளீன் அண்டு ஜெர்க் முறையில் 115 கிலோகிராமும் தலைக்குமேல் உயர்த்தி நிறுத்தி, இந்தியாவுக்கு வெள்ளிப் பதக்கம் ஈட்டினார்.